மடங்காத கத்தி

ஜூலை 7, திங்கள்

கத்தி ஏஜென்ட் போனில் அழாத குறையாகப் பேசினான். "அக்கா, உங்க ஊர்ல ஒரு ஆள் பாக்கியில்லாம கத்தியத் திருப்பிக் குடுக்காங்களாமே. எங்க முதலாளி நம்ப மாட்டேங்காரு. நீங்களே கஷ்டமான வேலைக்கெல்லாம் போட்டு அறுத்துப் பாருங்க. எதை அறுக்கும்போது மடங்குச்சுன்னு தேதி போட்டு எழுதி வைங்க. அம்புட்டையும் திரும்ப எடுத்துக்கிடுறோம்."

சரி, எழுதுகிறேன். ஐஸ் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று சும்மாதான் கிடந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் இருபதாம் தேதி என் தம்பி ரீகன் கடலில் போய்விட்டான். வலை விடும்போது நங்கூரக் கயிறு காலில் சுற்றி அவனை வல்லத்தை விட்டு இழுத்துவிட்டது. கூட இருந்தது என் வீட்டுக்காரர் கிளமென்ட் மட்டும். ரீகன் ஒரு கையால் வல்லத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினானாம். இவர் மடக்குக் கத்தியை விரித்துக் கயிற்றை அறுத்தாராம். பாதி அறுத்த நேரம் கத்தி மடங்கிவிட்டதாம். மறுபடி விரிப்பதற்குள் தம்பி கையை விட்டுவிட்டான்.

அந்தக் கத்தி எங்கள் வலைக்கடையில் நான் வாங்கி விற்றது. வல்லத்தில் அதற்கு முன் கிடந்த மரப்பிடிக் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு இதைக் கொண்டுபோகச் சொன்னவளும் நான்தான். இவர் சொல்வது நிஜமென்றால் என் தம்பியைக் கொன்றது நான் பொறுக்கி எடுத்த கத்தி.

இவர் சொன்னதைக் கேட்டு ஊரே என்னிடம் வாங்கிய கத்தியைத் திருப்பித் தருகிறது; இன்று சில்வேஸ்டர் மாமாவும் தன் கத்தியைக் கொண்டுவந்தார். நேராக என் கையில் திணித்தார். எனக்கு வந்ததே கோபம். "கத்தியக் கையில குடுக்காதீங்கன்னு எத்தன தடவ மாமா சொல்லுறது? மேசையில வைங்க, நான் எடுத்துக்கிடுதேன். நமக்குள்ள பகை வரவா?"

"நீயும் உன் சாத்திரமும்" என்று முனகிக்கொண்டே மேசையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். கத்தி, கத்தரிக்கோல், உப்பு, மிளகாய் எதுவும் இந்தக் கடையில் கைக்குக் கை மாறாது. துக்கம் நடந்த வீடு என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா?

ஜூலை 8, செவ்வாய்

சோதனைக்கு எடுத்திருப்பது புதுக் கத்தி இல்லை. வல்லத்திலிருந்து திரும்பி வந்த அதே கத்திதான். அன்று இவர் கரைக்கு வந்தபோது சட்டைப் பையில் மடக்கி வைத்திருந்தார். பிடியில் ரீகன் ஆணியால் கீறிப் பார்த்த 'ரீ' இன்னும் இருக்கிறது. பாதிக்கு மேல் எழுதப் பொறுமை இல்லை பயலுக்கு.

விரித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிடியின் முதுகில் உள்ள பட்டையைப் பெருவிரலால் அமுக்கினால்தான் மடங்கும்.

காலையில் நைலான் கயிறு அறுத்தேன். முதலில் விரல் தடிமன், பிறகு நங்கூரத்துக்குப் போடும் பெரிய கயிறு. வெண்டைக்காய் நறுக்கிய மாதிரி போனது. பூட்டு அசையவில்லை. அதே கயிற்றை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மத்தியானம் அறுத்தேன். கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான்.

கிளமென்ட் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு இது?" என்றார்.

"ஏஜென்ட் கேட்டான்."

"அவன் கேட்டா நீ உக்காந்து அறுப்பியா?"

நான் அடுத்த துண்டை அறுத்தேன். துக்கம் நடந்ததிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை. வல்லம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பழைய லாரி டயரை வாரு வாராகக் கிழித்தேன். டயருக்குள் கம்பி இருக்கும், அதில் பட்டால் கத்திக்குக் கஷ்டகாலம். பட்டது. அலகின் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல், மற்றபடி மடங்கவில்லை.

மடங்கவில்லை என்று பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு நிமிஷம் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்போது கடை மேசையில் இரண்டு தட்டு கேட்டது. விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. ரீகன் கடைக்குள் வரும்போது அப்படித்தான் தட்டுவான், ஏதோ பெரிய ஆபீசுக்குள் வருகிற மாதிரி. "வாலே" என்று திரும்பிவிட்டேன். யாரும் இல்லை. மேலே தொங்குகிற மிதவைகள் காற்றில் முட்டியிருக்கும். அவற்றை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டேன்.

பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து டீயை ரெண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். ஒன்றை வடிகாலில் கொட்டும்போது அழுகை வந்தது. அழுதேன்.

ஜூலை 11, வெள்ளி

பச்சைத் தேங்காய் மட்டை. மடங்கவில்லை. கை கொப்பளித்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் குத்திக் கிழித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலி மேலாக எட்டிப் பார்க்கிறார்கள். ஜெசிந்தாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசுவார்கள். பேசட்டும், அவர்கள் வாய்க்கு நான் பூட்டுப் போட முடியுமா?

இவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் என் கையில்தான் திணிக்கிறார். சாவி, சோப்பு, தீப்பெட்டி எல்லாம் அப்படித்தான். இன்று டீயைச் சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினார். "கீழ வைங்க, கையில பிசுக்கு" என்றேன். வைக்கவில்லை. டம்ளர் விரலைச் சுட்டுக்கொண்டிருக்க அப்படியே நின்றார். நான் கையைத் துடைத்து வாங்கும் வரைக்கும் நின்றார். மத்தியானம் சோற்றுக்கு உப்புக் கேட்டேன், அதையும் உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறார்! "உப்பக் கையில வாங்குனா சண்டை வரும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் உப்போடு எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு கட்டிலில் படுத்துத் தூங்கினார். நான் வலை பின்னிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தூக்கத்தில் அவர் வலது கை கட்டிலை விட்டு இறங்கியது. தரையில் எதையோ மெதுவாக வைத்தது. பிறகு அதைத் தேடித் தரையெல்லாம் துழாவியது. தீப்பெட்டியைத் தேடுகிறார் என்று நினைத்து எடுத்துப் பக்கத்தில் நகர்த்தினேன். அந்தக் கை அதைத் தாண்டித் துழாவிக்கொண்டே இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று கத்தியைப் பழிவாங்குகிற மாதிரியே சோதித்தேன். கத்தியை விரித்துப் பலகையில் குத்தி நிறுத்தி, அலகின் முதுகில் மரச் சுத்தியலால் அடித்தேன். மடங்குகிற கத்தி என்றால் இந்த அடிக்கு மடங்கியே தீரும். எத்தனை அடி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. கட்டைவிரல் பக்கத்தில் தோல் கிழிந்துவிட்டது. கத்தி நட்டுவைத்த மாதிரி நின்றது.

மத்தியானம் மீன் செதிலும் மணலும் ஏறிய பழைய வலையை அதே கத்தியால் அறுத்தேன். பூட்டுக்குள் மணல் போகட்டும் என்று மணலுக்குள்ளேயே புரட்டி எடுத்தேன். டக். பூட்டிக்கொண்டது.

மடங்கவில்லை. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 16, புதன்

கத்தியைத் தொடவில்லை.

இவரும் ரீகனும் ஒரு காலத்தில் எப்படி இருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே கடையில் இருந்தேன். மோட்டார் வாங்குகிற விஷயத்தில் அத்தானும் மச்சானும் முட்டிக்கொண்டு ஒரு ஈஸ்டரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை முகம் பார்க்கவில்லை. நடுவில் நான் கிடந்து சீரழிந்தேன். புருஷனுக்கு ஒரு வேளை, தம்பிக்கு ஒரு வேளை என்று சோறு போட்டேன். கிறிஸ்துமஸ் அன்று ரெண்டு பேரையும் ஒரே இலையில் சாப்பிட வைத்துத்தான் அந்தச் சண்டையை முடித்தேன்.

இந்தக் கத்தியைக் கொடுத்த அன்று அதனால்தான் அத்தனை கண்டிப்பாக இருந்தேன். "இங்க பாருங்க, ரெண்டு பேரும் கத்திய மட்டும் கைக்குக் கை குடுத்துக்கிடப்படாது. பலகையில வைங்க, மத்த ஆளு எடுத்துக்கிடட்டும். இன்னொரு சண்டை வந்தா என்னால தாங்க முடியாது" என்றேன். கிளமென்டிடம் மாதா படத்துக்கு முன்னால் சத்தியமே வாங்கினேன். ரீகன் விழுந்து விழுந்து சிரித்தான். "எக்கா, அத்தான் பயந்துட்டாரு பாரு" என்றான். ஆனால் கிளமென்ட் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ரொட்டி வெட்டுகிற கத்தியைக்கூடக் கீழே வைத்துத்தான் கொடுப்பார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்போது எழுதும்போது மேசையில் தட்டுகிற சத்தம். மிதவைகளை எடுத்தாயிற்றே?

ஜூலை 17, வியாழன்

சில்வேஸ்டர் மாமா வந்தார். கையில் காகிதப் பொட்டலம். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மவளே, இத என் வல்லத்துல வச்சுக்கிட்டுத் தொழிலுக்குப் போவ முடியல. தூரப் போடவும் மனசு வரல. உன் தம்பி கால்ல இருந்த கயிறு."

தம்பி போன மறுநாள் காலையில் வலையை இழுத்து ரீகனைக் கண்டெடுத்தவர் அவர்தான். காலில் இறுகியிருந்த சுருக்கை அவர் தன் கத்தியால் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி எடுத்திருக்கிறார். மேலே ஒன்றிரண்டு ஆள் நீளத்துக்குக் கயிறும் அதோடு இருக்கிறது.

"மாமா, இவரு பாதி அறுத்த இடம் எங்க?" என்று கேட்டேன்.

மாமா கடலைப் பார்த்தார். "அத அன்னைக்கே பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. நீ கேட்டதால வாயத் திறக்கேன். இந்தக் கயிறு முழுக்கத் தடவிப் பாரு. ஒரு இழைகூட அறுபடல."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். விரல் விரலாகத் தடவினேன். மாமா வெட்டிய ரெண்டு முனையைத் தவிரக் கயிறு புதுசாக இருக்கிறது. கத்தி இதைத் தொடவே இல்லை.

ஐயோ மாதாவே.

ஜூலை 18, வெள்ளி

கேட்டுவிட்டேன். மனசில் வைத்துப் புழுங்குகிற ஜென்மம் நான் இல்லை. கயிற்றை அவர் முன்னால் போட்டேன். "பாதி அறுத்தேன்னீங்களே, காட்டுங்க" என்றேன்.

கயிற்றைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"கத்தி மடங்கலங்க. நான் தட்டாத தட்டா? டயரு, டிரம்மு, மணலு எல்லாம் பாத்துட்டேன். அது மடங்குற கத்தி இல்ல. சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

"மடங்கிருச்சு ஜெசி."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"கத்திதான். கத்தி மேலயே பழி இருக்கட்டும். விட்டுரு." எழுந்து கடற்கரைப் பக்கம் போனார்.

பழி இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? பழைய சண்டையெல்லாம் உள்ளேயே கிடந்ததா? மனசு போகிற போக்கை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. தொங்குகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றாரா? புது வலை போய்விடும் என்று கயிற்றை அறுக்கவில்லையா? பதினெட்டு வருஷம் கூடப் படுத்த மனுஷன். அவரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூலை 19, சனி

டேய் ரீகன், உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லேன். சும்மா தட்டிக்கொண்டே இருக்கிறாயே.

ஜூலை 20, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. ஊருக்காக நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு வீட்டில் சாப்பாடு. ஆட்கள் எல்லாம் போன பின் அடுப்படியில் மிச்ச அரிசி மூட்டையை அவர் நகர்த்திக்கொண்டிருந்தார். மூட்டை வாய் தைத்த சணல் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார்.

என் இடுப்பில் அந்தக் கத்தி இருந்தது. இப்போதெல்லாம் அதை விட்டு நகர்வதில்லை. விரித்தேன். டக். அவர் திரும்பிக் கையை நீட்டினார்.

நான் வழக்கம் போல அவர் கைக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கண் கத்தியைப் பார்க்கிறது, கை நகரவில்லை. "என்னங்க?" என்றேன். அவர் அப்படியே மூட்டை மேல் சரிந்து, ஒரு ஆம்பிளை அழுது நான் கேட்டிராத மாதிரி அழுதார்.

"கையில குடுத்திருக்கணும் ஜெசி. அவன் கைய நீட்டுனான். கையில குடுத்திருக்கணும்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி வைக்கிறேன்.

"கயிறு வல்லத்துக்கு அடியில போயிருச்சு. எனக்கு எட்டல. அவன் ஒரு கையால விளிம்பப் பிடிச்சுக்கிட்டு மத்தக் கைய நீட்டுறான். 'அத்தான் கத்தி, கத்தி குடுங்க'ங்கான். குடுத்தா குனிஞ்சு அவனே அறுத்திருப்பான். நான் விரிச்சேன். நல்லாத்தான் பூட்டுச்சு. நீட்டுன கைக்கு இம்புட்டுப் பக்கத்துல... பலகையில வச்சேன். யோசிக்கல ஜெசி. கை தன்னால வச்சுருச்சு. அலை தூக்குச்சு. கத்தி வழுக்கிட்டு அந்தப் பக்கம் ஓடிருச்சு. அவன் அத எட்டிப் பிடிக்கப் போனான். பிடிச்சிருந்த கையையும் விட்டுட்டுப் போனான். நான் பாய்ஞ்சு கத்திய எடுத்துக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள விளிம்புல கை இல்ல."

பிறகு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "கத்தி மேல போட்டுட்டேன். வேற யார் மேல போட? அதுக்கு வலிக்காதுல்ல."

ஏன் கீழே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையின் சணலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நான் கயிற்றையும் டயரையும் கிழித்தபோது வாசலில் நின்று பார்த்தாரே, அப்போதும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவரைக் கொலைகாரன் மாதிரிப் பார்த்தபோதும் சொல்லவில்லை.

பலகையில் கத்தி கிடந்தது. எடுத்தேன். பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். அவர் என் கையிலிருந்து வாங்கிச் சணலை அறுத்தார். திரும்ப என் கையில் கொடுத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

ஏஜென்ட் போன் பண்ணினான். "என்னக்கா ஆச்சு? எழுதி வச்சீங்களா?"

"எழுதுனேன். கத்தி நல்ல கத்தி தம்பி. எதுக்கும் மடங்கல."

"அப்பாடா! அதத் தேதி வாரியா அப்படியே அனுப்புறீங்களாக்கா?"

"மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இவர் இன்று வல்லத்தை நிமிர்த்தி வைத்தார். சில்வேஸ்டர் மாமாவும் கூட நின்று பிடித்தார். மாமாவிடம் எல்லாவற்றையும் இவரே சொல்லியிருக்கிறார் போல. சாயங்காலம் மாமா கடைக்கு வந்து கொஞ்ச நேரம் வலைகளைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மவளே, நான் திருப்பிக் குடுத்த கத்தி கிடக்கா?"

பெட்டியைத் திறந்து எடுத்தேன். மடக்கிய கத்தியைப் பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். மாமா வாங்கவில்லை. மேசையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க வையி. அன்னைக்கு என்னைய அந்தத் திட்டுத் திட்டுன. நமக்குள்ள சண்டை வந்துரப் போவுது."

"வரட்டும் மாமா. நல்லாச் சண்டை போடுவோம். தெருவே கூடி வேடிக்கை பாக்கட்டும். கையில வாங்குங்க."

மாமா என்னையே பார்த்தார். அவர் கை வந்து வாங்கும் வரைக்கும் நான் என் கையை இறக்கவில்லை.